அம்மா அப்பம் எடுக்காத ஞாயிறுகள்

மாலை ஐந்தே முக்கால் மணிக்குக் கரண்ட் போனது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது சரியாக அந்த நேரத்தில்தான்.

மணி எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்று நம் வயதுக்காரர்கள் யாரும் கேட்க மாட்டீர்கள். ஞாயிறு ஐந்தரைக்கு டிவியில் படம். ஆவடி குவார்ட்டர்ஸில் டிவி இருந்த வீடுகளில் எல்லாம் கூடம் நிரம்பி, வாசற்படியிலும் ஜன்னலிலும் தலைகளாக இருக்கும். தெருவில் நாய்கூட நடமாடாது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. எங்கள் கிறிஸ்தவச் சபையில் அதற்கு அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாகத்தான் எனக்கு எல்லாப் படங்களும் தெரியும், முகம் இல்லாத குரல்களாக.

அம்மா அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும், சமையல் மேடைமேல் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். பின்பக்கம் வரிசையாக எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சாக்கடை ஓடும். அம்மா அதன் ஓரம் குந்தி, தூக்குவாளியைச் சாய்த்தாள். பக்கத்து வீட்டு அத்தை காலையில் கொண்டுவந்து கொடுத்த ஆடிக்கூழ் கெட்டியாக, சாம்பல் நிறத்தில், நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு மெதுவாக இறங்கியது.

அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்த குரல்கள் சட்டென்று அறுந்தன. வரிசை முழுவதிலும் "ஓ" என்று ஒரே சத்தம். ஃபேன் நின்றால் யார் உள்ளே இருப்பார்கள்? பின்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் திறந்தது அத்தையின் கதவு.

முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தவள் நின்றாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு சாக்கடையைப் பார்த்தாள். கூழ் நுரைத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்:

"அது சாமிக்குக் காட்டாதது, அக்கா. உங்க ஊட்டுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? அடுப்ப வுட்டு எறக்கனதும் மொத அகப்பைய உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுவேன். அம்மனுக்கே அதுக்கப்புறம்தான். மன்னிச்சிக்கோ தாயேன்னு கன்னத்துல போட்டுக்கினுதான் எடுப்பேன். வருசா வருசம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தூக்குவாளியை நிமிர்த்தக்கூட மறந்து அப்படியே குந்தியிருந்தாள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நெமிலிச்சேரியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், போன வாரம் என் மகள் ஸ்கூட்டியை வெளியே எடுக்கும்போது மேல்மாடிக்காரரின் புதுக் காரில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. காமிரா வேலை செய்யவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்டில் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா, நாளைக்கு அசோசியேஷன் குரூப்பில் என்ன எழுதுவார், இந்தப் பெண் இந்த உலகத்தில் எப்படிப் பிழைப்பாள்? அன்றிலிருந்து காலிங் பெல் அடித்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாரைக் கொண்டு பிறந்தது இது என்று யோசித்தால், அவள் பார்த்தே இராத என் அம்மா வந்து நிற்கிறாள், கையில் அந்தத் தூக்குவாளியோடு.

அம்மா கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்த பிறகு, வெள்ளானூர் போகும் சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சிறிய சபையில் சேர்ந்தார்கள். பரிசுத்தமாக ஜீவிக்க வேண்டும் என்பதுதான் அங்கே எல்லாப் பேச்சும். வெள்ளைச் சேலை, நகை கிடையாது, பூ கிடையாது, சினிமா கிடையாது, படைத்த பண்டம் வாயில் படக் கூடாது. அம்மா ஞானஸ்நானம் எடுத்தபோது தாலிச் செயினையும் கழற்றினாள். பக்கத்து வீட்டு அத்தை அன்று மிரண்டுபோய், "ஐயோ அக்கா, அண்ணன் கல்லாட்டம் கீறாரு, நீ இன்னாத்துக்கு இப்பிடி நிக்கற?" என்று அழுதே விட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தெருமுனை அம்மனுக்கு அவளே நேர்ந்துகொண்டாள். அம்மாவுக்கு அது தெரியும். சிரித்துக்கொள்வாள்.

கூழ் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வந்த புதிதில், வரிசையின் கடைசி வீட்டில் இருந்த எங்கள் சபைக் குடும்பம் ஒன்று, கூழ் கொண்டுவந்தவர்கள் முகத்துக்கு நேராகவே "எங்களுக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க" என்று கதவைச் சாத்த, அது பெரிய சண்டையாகி, அந்தக் குடும்பம் வேறு பிளாக்குக்கு மாறிப் போனது. அம்மா பயந்துவிட்டாள். சபையின் மூத்த சகோதரிதான் வழி சொல்லிக்கொடுத்தார். நரைத்த தலையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையுமாக, பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்காருபவர். "சிரிச்ச முகமா வாங்கிக்கிடணும். சாப்பிடப்படாது. சமாதானமும் கெடாது, நம்ம விசுவாசச் சாட்சியும் கெடாது" என்றார்.

அம்மா அதை ஒரு ஒழுங்காகவே ஆக்கிக்கொண்டாள். வாங்குவாள். படம் ஓடும் நேரத்தில் ஊற்றுவாள். தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்து, வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று உள்ளே சர்க்கரையோ ஒரு கை முருங்கைக்கீரையோ வைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பாள். "அமிர்தமா இருந்துச்சு, தங்கச்சி" என்பாள், அடிபம்பில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அத்தையின் முகம் மலர்ந்துபோகும். எனக்கோ அந்தப் புளித்த கேழ்வரகு வாசனைக்கு நாக்கில் நீர் ஊறும். ஒரு விரல் தொட்டு நக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். அம்மாவின் கண் என் விரல்மேலேயே இருக்கும்.

அதில் பொய் ஒன்று இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. படைத்த பண்டத்துக்கு அத்தனை பயந்த வீட்டில், "அமிர்தமா இருந்துச்சு" என்ற வார்த்தைக்கு யாரும் பயப்படவில்லை.

அன்று இரவு அப்பாதான் வழி சொன்னார். "கை தவறிக் கொட்டிட்டுன்னு சொல்லிரு. முடிஞ்சுது காரியம்."

"கொட்டினது காணாதா? இன்னும் கொட்டச் சொல்லுதியளா?" என்றாள் அம்மா.

"பின்ன என்ன செய்யப் போற?"

"நடந்ததச் சொல்லப் போறேன்."

"அவகிட்டயா?"

"அவகிட்டதான். எத்தன பேரு முன்னாடி அமிர்தம்னு சொன்னேனோ, அத்தன பேரு முன்னாடியும்."

காலையில் அடிபம்பு வரிசை. பிளாஸ்டிக் குடங்கள் பச்சையும் நீலமுமாக வளைந்து கிடக்க, பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நேற்றுப் பாதியில் நின்ற படத்தின் முடிவு என்னவாக இருக்கும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா குடம் இல்லாமல் போனாள். அத்தை பம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நீ வருஷா வருஷம் தந்த கூழ நான் ஒரு தடவ கூடக் குடிச்சதில்ல. சாக்கடையில ஊத்திட்டு, நல்லா இருந்துச்சுன்னு உன் முகத்தப் பாத்துப் பொய் சொன்னேன். எனக்காக நீ தனியா எடுத்து வச்சது தெரிஞ்சதுனால சொல்லல. தெரியாட்டாலும் அது பொய்தான். என்ன மன்னிச்சிரு."

பம்புச் சத்தம் நின்றது. யாரோ "அடிப்பாவி" என்று முணுமுணுத்தார்கள். அத்தையின் முகம் சிவந்துவிட்டது.

"கூழு போனா போவுது. அம்பது பேருக்கு ஊத்தறேன், அதுல ஒரு சொம்பு. கிறிஸ்டியன் அக்காகூட நம்ம கூழ எப்பிடி விரும்பிக் குடிக்குதுன்னு எங்க அம்மா ஊட்லகூட சொல்லிக்கினு கீறேனே, அத்த நெனச்சாதான் வவுறு எரியுது. வாணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா கட்டாயமா வாய்லயா ஊத்தியிருப்பேன்?"

"சொல்லியிருக்கணும்."

"மன்னிப்பு கின்னிப்பெல்லாம் உங்க கோயில்ல வெச்சிக்க. வழிய வுடு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தளும்பிய தண்ணீர் அம்மாவின் காலை நனைத்தது.

விஷயம் மதியத்துக்குள் தொழிற்சாலைக்குள் போய்விட்டது. அத்தையின் வீட்டுக்காரரும் அப்பாவும் ஒரே செக்ஷன். அவரை நான் மாமா என்பேன். கேன்டீனில் அப்பா டிபன் பாக்ஸைத் திறந்தால், மாமா நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "இன்னா மச்சான், இத்த எந்தச் சாக்கடைல ஊத்தப் போற? சொன்னா நாங்க அந்தாண்ட குந்திக்கறோம்" என்பாராம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஞாயிறுதான் அந்த வருஷத்தின் பெரிய காரியம் நடந்தது. எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் கர்த்தருடைய பந்தி; இயேசுவின் நினைவாக அப்பம் பிட்பார்கள். ஜமக்காளத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தட்டு கைமாறிக் கைமாறி வரும். ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். தட்டு அம்மாவிடம் வந்தது. அவள் எடுக்காமல் அடுத்தவரிடம் நீட்டினாள்.

உங்களில் இப்படிப்பட்ட சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். தட்டை நீட்டிவிடுகிறவள் என்றால் வெளியே சொல்ல முடியாத பாவம் ஏதோ செய்திருக்கிறாள் என்று அர்த்தம். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் தட்டை வாங்கும்போது அவள் விரல் படாமல் வாங்கினார். நான் பார்த்தேன்.

அன்று மாலை பாஸ்டர் ஐயாவும் மூத்த சகோதரியும் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் மெலிந்த மனிதர். பிரசங்கத்தில் இடி மாதிரி இருப்பவர், வீட்டில் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவார்.

"சகோதரி, நீங்க மன்னிப்புக் கேட்டாச்சு. உங்க கடமை தீர்ந்தது. இனி அந்தம்மா பாடு. நீங்க பந்தியில சேரலாம்."

"ஐயா, மனத்தாங்கலோட பந்திக்கு வரப்படாதுன்னு நீங்கதான சொன்னிய. மன்னிப்பு கேட்டா மட்டும் போதும்னு சொல்லலியே."

"அது விசுவாசிகளுக்குள்ள உள்ள காரியம்" என்றார் மூத்த சகோதரி. "விக்கிரகத்துக்கு முன்னாடி நிக்கிறவ பேசலங்கறதுக்காவ கர்த்தரோட பந்திய விட்டிருவியா? உனக்கு ரோஷம் இல்லியா?"

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவ தான் கும்பிடுத சாமிய நிறுத்தி வச்சிட்டு எனக்கு மொதல்ல எடுத்து வச்சா, அக்கா. நான் இத்தன வருஷமா பரிசுத்தம் பரிசுத்தம்னு சொல்லிட்டு அவளுக்கு என்னத்த எடுத்து வச்சேன்? அவ முகம் மாறுத வரைக்கும் எனக்கு அப்பம் தொண்டையில இறங்காது."

பாஸ்டர் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். கிளம்பும்போது மூத்த சகோதரி, அம்மா நடத்தி வந்த சிறுவர் வகுப்பைக் கொஞ்ச நாள் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்றார். அம்மாவுக்குப் பிள்ளைகளிடம் பாட்டுச் சொல்லித் தருவதில்தான் உயிர். சரி என்று தலையாட்டினாள். அவர்கள் போன பிறகு அடுப்படியில் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

அப்பா அன்றைக்குத்தான் வெடித்தார். "ஊர்லயும் மானம் போச்சு, சபையிலயும் மானம் போச்சு. இனி எங்க போய் நிக்க?"

"இங்கதான் நிக்கணும்" என்றாள் அம்மா. "இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல."

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. அம்மா இனிமேல் நல்லதுக்குக்கூடப் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை சின்னப் பொய் தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். அப்பா வழக்கம்போல உள்ளே இருந்து, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா வாசலில் நின்று, "உள்ளதான் இருக்காவ. உங்களப் பாக்கப் பிரியமில்லையாம்" என்றாள். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து, "உண்மையச் சொன்னதுக்கு நன்றிம்மா, அலைச்சல் மிச்சம்" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அப்பா சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

செக்ஷன் மேலாளரின் மனைவி புது ரவிக்கையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "துணி நல்ல துணி. தைச்சவன் கெடுத்துட்டான்" என்றாள் அம்மா. அப்பாவுக்கு வேலையே போய்விடும் என்று பயம். அந்தம்மாவோ மறுநாள் ரவிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, "எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க, நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. எங்க பிரிக்கணும்?" என்று உட்கார்ந்துவிட்டார். இருவரும் மாலை வரை பிரித்துத் தைத்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குவார்ட்டர்ஸில் ஒரு பழக்கம் ஏற்பட்டது. மீன்காரம்மாவிடம் பேரம் பேசுகிறவர்கள், "அந்தக் கிறிஸ்டியன் அம்மாவ வந்து பாத்து சொல்லச் சொல்லு, ஐஸ் மீனா புது மீனான்னு" என்பார்கள். மீன்காரம்மா, "வேணாம் தாயி, நானே சொல்லிடறேன், நேத்து மீனுதான்" என்று கூடையை மூடிக்கொள்வாள். அம்மாவைக் கேலி செய்த அதே பம்பு வரிசையில், பிள்ளைக்கு ஜுரம் குறைந்திருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல அம்மாவைக் கூப்பிட்டார்கள். தைரியம் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். உள்ளதைச் சொல்ல அவள் ஒருத்தி.

சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் அசையவில்லை. அத்தை அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பவில்லை. அது இன்னும் மோசம். பார்ப்பாள், ஒரு கம்பத்தைப் பார்ப்பதைப் போல. அம்மா தினமும் "தங்கச்சி" என்று ஒரு தடவை கூப்பிடுவாள். பதில் வராது. அதற்கு மேல் அவள் போவதில்லை. "மன்னிச்சிரு மன்னிச்சிருன்னு பின்னால போனா அது பிச்சை கேக்குத மாதிரி. அவளுக்கு வேண்டிய நேரத்த அவ எடுத்துக்கிடட்டும்" என்றாள் என்னிடம்.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தட்டு வந்தது, போனது. அம்மாவின் கன்னம் ஒட்டிவிட்டது. எனக்குச் சபைக்குப் போகவே பயமாக இருக்கும். தட்டு எங்கள் வரிசைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கிற மாதிரி நடிப்பேன்.

சபையில் கிளம்பிய பேச்சு, சபைக்குப் போகிறவர்கள் வழியாகக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஒரு காலை, பம்படியில் எதிர் பிளாக்குப் பெண் ஒருத்தி கையால் வாயை மறைத்துக்கொண்டு, "அவங்க கோயில்லயே இவளுக்கு ரொட்டி குடுக்கறதில்லயாம். புருசன் ஷிப்ட் போனப்புறம் இன்னா கூத்தோ, யாரு கண்டா" என்றாள். நான் குடத்தோடு அங்கேதான் நின்றேன். எனக்குக் காது எரிந்தது.

"த்தா, இன்னா சொன்ன?" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டு அத்தை. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். "இன்னொரு தபா சொல்லு, பாக்கலாம். இந்தக் குடம் உன் மண்டைலதான் ஒடையும். அந்தப் பொம்பள பொய் சொன்னா. ஆமா, சொன்னா. அத்த வந்து அதுவே சொல்லிச்சி. நீ பண்ணதுல ஒண்ணயாச்சும் இங்க வந்து சொல்லியிருக்கியாடி?"

அத்தை மூச்சு வாங்க நின்றவள், என்னைப் பார்த்தாள். என் குடத்தை வாங்கிப் பம்பின்கீழ் வைத்து அவளே அடித்துக்கொண்டு, என்னிடம் தணிந்து கேட்டாள்: "மெய்யாலுமே உங்கம்மாவுக்கு ரொட்டி தர்றதில்லியா?"

"தர்றாங்க, அத்தை. அம்மாதான் எடுக்க மாட்டேங்குறா."

"இன்னாத்துக்கு?"

"உங்களுக்கு மனசு ஆறுற வரைக்கும் எடுக்க மாட்டாளாம்."

பம்பு அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எனக்கா?" என்றாள். "எனக்கு மனசு ஆர்றதுக்கும் உங்க ரொட்டிக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"இருக்காம்" என்றேன்.

குடம் எப்போதோ நிரம்பி வழிந்திருந்தது. அவள் கவனிக்கவில்லை. கடைசியில் அதைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, முந்தானையால் என் முகத்தில் தெறித்திருந்த தண்ணீரைத் துடைத்தாள். தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றும் மறுநாளும் அம்மா "தங்கச்சி" என்று கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. நான் பம்படியில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "எனக்காவ சண்ட போட்டாளா?" என்று மட்டும் கேட்டு, இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைத் தேவையில்லாமல் மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை சடசடவென்று சத்தம் போட்டது. வெள்ளைச் சேலைகள் முதுகில் ஒட்டின. பாஸ்டர் ஜெபித்து, அப்பத்தைப் பிட்டுத் தட்டில் வைத்தார். ஆண்கள் பக்கம் சுற்றி முடித்துத் தட்டு பெண்கள் பக்கம் வந்தது. மூத்த சகோதரி எடுத்தார். அடுத்தவர் எடுத்தார். நான் கண்ணை மூடப் போனேன். தட்டு அம்மாவின் கைக்கு வந்தது. அவள் அதைப் பக்கத்தில் நீட்ட ஆரம்பித்த நேரம், வெளியே சரளைக்கல்லில் சைக்கிள் ஒன்று சறுக்கி நிற்கும் சத்தம் கேட்டது. "மெதுவா எறங்கு" என்று ஓர் ஆண் குரல், மாமாவின் குரல். பிறகு கண்ணாடி வளையல் சத்தம்.

எல்லாரும் திரும்பினோம். வாசலில் பக்கத்து வீட்டு அத்தை. முகம் கொள்ளாத மஞ்சள், அகலமான பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம், கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவை. வெள்ளையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் எதிரில் அவள் ஒருத்தி திருவிழா மாதிரி நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

பாஸ்டர் எழுந்தார். "வாங்கம்மா. உக்காருங்க."

"குந்தறதுக்கு வரல, ஐயா." அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் குரல் பம்படிக் குரல்தான், கூரை வரைக்கும் போனது. "இந்த அக்கா எனக்குப் பண்ணது தப்பு. அத்த ஊரு முன்னாடி அதுவே சொல்லிடுச்சி. எனக்குக் கோவம் கொஞ்சம் இன்னும் கீது. அது மெதுவா போவும், அத்த நான் பாத்துக்கறேன். ஆனா இத்தோட எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. வேற எதனா இருக்குதுன்னு இங்க யாருனா பேசினு இருந்தீங்கன்னா, ஒரே சுவத்துக்கு இந்தாண்ட நான் கீறேன். எனக்குத் தெரியாம ஒண்ணும் இல்ல. என்னக் கேளுங்க, நான் சொல்றேன்."

மூத்த சகோதரி தலை குனிந்துகொண்டார். நீட்டப் போன தட்டை அம்மா திரும்பத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள்.

அத்தை அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"எடுத்துக்க, அக்கா. நீ எடுக்கற வரிக்கும் நான் இந்த வாசப்படிய வுட்டு நவுர மாட்டேன்."